அம்னாவுக்கு வந்தது எந்தச் சிவப்பு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் அம்னா நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைப் பறிக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். நோய்க் கதை என்றால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறவன் நான். என்னைப் போன்ற ஆட்களுக்காக இந்த முன்னறிவிப்பு. ஆனால் அந்த நாட்களில் நான் பயந்தது அம்னாவுக்காக மட்டுமல்ல. அதுதான் கதை.

நான் பஸ்களில் டிக்கட் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் எங்காவது ஒரு தரிப்பிடத்தில் ஏறி, உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரிடமும் டிக்கட் கேட்பேன். பதினெட்டு வருடங்களாக இதே வேலை. ஊரில் என் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. 'செக்கர்' என்றால் தெரியும். டிக்கட் எடுக்காதவனை நான் ஏறிய உடனேயே கண்டுபிடித்துவிடுவேன். கேட்காத கேள்விக்கு அவன் பதில் சொல்வான். அல்லது அன்றுதான் முதல் தடவை காண்பவன் போல வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்தக் குணம் வேலை முடிந்த பிறகும் என்னை விட்டுப் போவதில்லை. மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு, மீன்காரரின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பேன். என் மனைவி ஜெஸீலா இதற்காக என்னுடன் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் ஜெஸீலாவின் சீதன வீட்டில்தான் இருக்கிறேன். அதே வளவில், அடுத்த சுவர் அவளுடைய தங்கை ரிஸ்மியாவின் வீடு. என் மாமி, ஜெஸீலாவின் தாய், அவளோடு இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. பகலில் அதை யாரும் மூடுவதில்லை. ரிஸ்மியாவின் புருஷன் கட்டாரில் வேலை செய்கிறார். லீவில் வந்துவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. அதனால் நாலு வயது அம்னாவுக்கு இரண்டு உம்மா என்றே சொல்லலாம். பகல் தூக்கம் எப்போதும் சாச்சி ரிஸ்மியாவின் மடியில்தான்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அம்னாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை, நூற்றொன்றைத் தாண்டவில்லை. மூக்கு கொஞ்சம் ஒழுகியது. புதன் காலையில் முகம் கழுவிவிடும்போது கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகளைக் கண்டேன்.

"வேர்க்குரு" என்றாள் ஜெஸீலா.

"சின்னமுத்து. காத்துப் படாம உள்ளுக்கு வெச்சிரிங்க" என்றார் மாமி. ஓதின தண்ணீர் எடுக்க ஆள் அனுப்பினார்.

எனக்கு இரண்டு பேர் சொன்னதிலும் நம்பிக்கை வரவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: காலை ஏழு மணி, முகமும் காதுப் பின்புறமும். பகல் பன்னிரண்டு, கழுத்தும் நெஞ்சும். பின்னேரம் ஐந்து, வயிறு, முதுகு, தொடை. ஒரே நாளில் ஒரு பஸ் எல்லாத் தரிப்பிடத்தையும் கடந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் அடுத்த வேலை. இரண்டு கிழமைக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு கலியாண வீடு. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சலும் உடம்பில் சிவப்பும் என்று கேள்விப்பட்டு, அம்னாவை அங்கே கொண்டுபோகவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். கொண்டுபோகவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒரே மாதிரி, ஒரே சொற்களில் சொன்னார்கள். இரண்டு பேர் ஒரே வசனத்தைச் சொன்னால் அது பேசி வைத்துக்கொண்ட வசனம் என்பது என் வேலை எனக்குச் சொல்லித்தந்த பாடம்.

வியாழன் காலையில் அம்னா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். தண்ணீர் குடிக்க மறுத்து, என் தோளில் சாய்ந்தவள் தலையைத் தூக்கவேயில்லை. ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எங்கள் பக்கத்தில் காய்ச்சலோடு உடம்பு சிவந்தால் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் டெங்கு. வெளிநோயாளர் பிரிவில் இரத்தம் எடுத்தார்கள். பிளேட்லட் குறையவில்லை; டெங்குச் சோதனையும் இல்லை என்றே வந்தது. ஆனாலும் பிள்ளை சோர்ந்து கிடந்ததால் வார்டில் சேர்த்து சேலைன் ஏற்றினார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பரவாமல் இருக்க ஓரத்தில் ஒரு தனி அறை கொடுத்தார்கள். சிறுவர் வார்டில் தாய்மார் மட்டும்தான் நிற்கலாம். தகப்பன்மாருக்கு பகலில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். மற்ற நேரமெல்லாம் நாங்கள் வெளியே நடைபாதை வாங்கில், ஆளுக்கொரு சோற்றுப் பார்சலோடும் பிளாஸ்க்கோடும் உட்கார்ந்திருப்போம். அங்கே ஆளுக்கொரு வைத்தியமும் கிடைக்கும். பப்பாசி இலைச் சாறு என்றார் ஒருவர். வேப்பிலை என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லமாட்டார்கள் என்று மூன்றாமவர் சொன்னார். அந்த மூன்றாமவரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அம்னாவைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண். வயது முப்பதைத் தாண்டாது. வெள்ளிக்கிழமை காலை வார்டைச் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"முதல் எது வந்தது, காய்ச்சலோ சிவப்போ? சிவப்பு எங்க துவங்கினது?"

நான் குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்பிடி எழுதிக்கொண்டு வாற தகப்பனை நான் இண்டைக்குத்தான் காணுறன். எனக்குப் பாதி வேலை முடிஞ்சுது."

பதினெட்டு வருடத்தில் என் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் சும்மா நம்பிவிடுவேனா? ஏன் இது டெங்கு இல்லை, ஏன் பொக்குளிப்பான் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார். எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். இது யாருக்கும் வைத்தியம் இல்லை, வீட்டிலே இருந்து பெயர் வைத்துவிடவேண்டாம்.

பொக்குளிப்பான் என்றால் தண்ணீர் கோத்த கொப்புளம் வரும். ஒரே நேரத்தில் ஒன்று புதிதாக முளைக்கும், ஒன்று உடையும், ஒன்று காய்ந்து பொருக்காகும். கையிலும் காலிலும் வாய்க்குள்ளும் மட்டும் புண் வருவது வேறொரு வைரஸ். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் இன்னொன்றில் மூன்று நாலு நாள் கடும் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்ட பிறகுதான் சிவப்பு வரும். தாய்மார் பயந்து ஓடிவரும்போது நோய் போயிருக்கும். டெங்கிலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் உடம்பு சிவந்து நடுவில் வெள்ளைத் திட்டுகள் தெரியலாம்; அங்கே சிவப்பைவிடப் பயப்படவேண்டியது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்வது. சின்னமுத்து என்கிற தட்டம்மை பிள்ளையைப் புரட்டிப் போட்டுவிடும். கடும் காய்ச்சல், இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்த கண், கன்னத்தின் உட்பக்கம் உப்புக்கல் போல வெள்ளைப் பொட்டுகள். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து சிவப்பு இறங்கி ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிடும். இன்னுமொன்று: எந்தச் சிவப்பாக இருந்தாலும் விரலால் அழுத்தும்போது மறையாவிட்டால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

டொக்டர் அம்னாவின் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைப் பொட்டு இல்லை. பிறகு என் கையைப் பிடித்து அம்னாவின் பிடரியில் வைத்தார். காதுக்குப் பின்னாலும் தலைமயிர் தொடங்கும் இடத்திலும் பயறு அளவில் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது.

"நெறி கட்டியிருக்கு. சிவப்பும் பாருங்கோ, சேரேல்ல, தனித்தனியா நிக்குது. முகத்தில இண்டைக்கே மங்கிப் போச்சு. எனக்கு ஜேர்மன் சின்னமுத்து, ருபெல்லா எண்டு ஒரு சந்தேகம். இப்ப இஞ்ச காணக் கிடைக்காத வருத்தம், அதால நான் அவசரப்பட்டுச் சொல்லமாட்டன். இரத்தம் கொழும்புக்குப் போகவேணும்."

தடுப்பூசிக் கொப்பியைக் கேட்டார். நான் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் மாதத்து ஊசி போட்டிருந்தது. மூன்று வயதுக் கட்டம் வெறுமையாக இருந்தது. அன்று பிள்ளைக்குத் தடிமன், அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள் என்றார்கள், நாங்கள் மறந்துபோனோம். ஒரு தடவை போட்டாலே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும், எல்லோருக்கும் அல்ல, அதனால்தான் இரண்டாவது என்றார் டொக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிக்கட் இல்லாத எத்தனை பேரை நான் நடுவழியில் இறக்கியிருப்பேன்.

"பிள்ளைக்கு இது பெரிய வருத்தமில்லை. ரெண்டு மூண்டு நாளில ஓடித் திரிவா" என்றார் டொக்டர். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "வீட்டில கர்ப்பிணிப் பெண் ஆரும் இருக்கினமோ? முதல் மூண்டு மாசத்தில இருக்கிற ஆருக்கும் இது தொத்தினா, தாய்க்கு ஒண்டும் தெரியாது. வயித்துப் பிள்ளையின்ர கண், காது, இருதயம் எல்லாத்தையும் பழுதாக்கிப் போடும்" என்றார்.

"இல்ல" என்றாள் ஜெஸீலா.

டொக்டர் இன்னும் வசனத்தை முடிக்கவில்லை. அவ்வளவு வேகமாக வந்த பதிலை நான் கவனித்தேன். ஜெஸீலா சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு நான் என்ன அர்த்தம் எடுத்தேன் தெரியுமா? கலியாண வீடு. பிள்ளையை அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள், எந்தக் கேள்வி வந்தாலும் இல்லை என்று சொல்லத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்தேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது நடுக்கதவு மூடியிருந்தது. பகலில் மூடாத கதவு. தட்டினேன். மாமி பாதி திறந்து, கஞ்சி பிளாஸ்க்கை நீட்டிவிட்டு மீண்டும் மூடினார். உள்ளே ரிஸ்மியாவின் குரல் கேட்டது, நான் "எப்பிடி இரிக்காய்?" என்றதும் நின்றுபோயிற்று. அம்னாவுக்காக உயிரையே விடுகிறவள் இந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. கஞ்சி வருகிறது, துவைத்த உடுப்பு வருகிறது, அம்னாவின் பொம்மைக்கு ஒரு புதுச் சட்டை கூடத் தைத்து வந்தது. ஆள் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு மாதமாகவே அவள் என் கண்ணில் நேராகப் படவில்லை. நான் வீட்டுக்கு வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். சால்வையை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வாள். அவள்தான் பிள்ளையைக் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோனவள் என்று முடிவு கட்டினேன். குற்றம் செய்த மனம் குறுகுறுக்கிறது, வேறென்ன?

சனிக்கிழமை காலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். இப்படியான சிவப்பு என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரி அவர்களுக்கு அறிவிக்கவேண்டுமாம். வாசலில் நின்று, யார் யார் இருக்கிறீர்கள், பிள்ளை எங்கெங்கே போனாள், யாருடன் படுத்தாள் என்று கேட்டு எழுதினார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. என் இனம்.

"மாசமா இரிக்கிற ஆக்கள்..."

"ஒருத்தருமில்ல மகன்" என்றார் மாமி.

அவரும் முடிக்கவிடவில்லை. தாயும் மகளும் இரண்டு இடத்தில், ஒரே கேள்விக்கு, ஒரே அவசரம். கலியாண வீட்டைப் பற்றிக் கேட்டபோது, அம்னா அங்கே போகவில்லை, அங்கிருந்த பிள்ளைகள்தான் எங்கள் முற்றத்துக்கு விளையாட வந்தார்கள் என்று மாமி நிதானமாகத்தான் பதில் சொன்னார். கேட்டவர் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இவர்கள் மறைப்பது கலியாண வீட்டை அல்ல.

பகல் பன்னிரண்டு மணிக்கு வார்டு வாசலில் நின்றேன். அம்னா எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெஸீலாவை நடைபாதையின் கோடியில், தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனேன்.

"ரிஸ்மியா மாசமா இரிக்காவா?"

அவள் வார்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜெஸீலா, நான் ஒன்னைத்தான் கேக்கிறன்."

"ஓம்" என்றாள். "ரெண்டு மாசம்."

"அல்லாஹ்வே! அம்னா ஒவ்வொரு நாளும் அவட மடியில கெடந்தவள். டொக்டர் கேட்டாரே, என்னத்துக்கு இல்லெண்டு சொன்னாய்?"

"நீங்க பக்கத்தில நிண்டீங்க. பொறகு தனியச் சொல்லுவம் எண்டு பாத்தன், டொக்டர் இந்தப் பக்கம் வரல்ல."

எனக்கு விளங்கவில்லை. முதல் மூன்று மாதம் வெளியில் சொல்வதில்லை என்பது எங்கள் பெண்களின் வழக்கம்தான். கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். ஆனால் வெளி ஆட்களுக்குத்தானே அது?

"எனக்குச் சொன்னா என்ன? நான் வேத்தாளா?"

ஜெஸீலா குழாயைத் திறந்தாள், மூடினாள். "ஒங்களுக்குத்தான் சொல்லப்படா எண்டு நாங்க முடிவெடுத்த" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு முந்தின ஹஜ்ஜுப் பெருநாள் ஞாபகம் இரிக்கா? எல்லாரும் சாப்பிட்டுக்கு இரிக்கக்க ரிஸ்மியா எறச்சியத் தள்ளி வெச்சாள். நீங்க என்ன சொன்னீங்க?"

ஞாபகம் இருந்தது. என் கண்ணின் கூர்மையைப் பற்றி நானே பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். 'ரிஸ்மியாட மொகத்தப் பாத்தா டிக்கட்டில்லாத பயணி ஒராள் வாறாப்போல இரிக்கி' என்று சபை நடுவில் சொல்லிச் சிரித்தேன். அவளே இரண்டு நாளுக்கு முன்புதான் அறிந்திருந்தாளாம். வந்திருந்த எல்லோரும் சிரித்து வாழ்த்தினார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள்.

"ஆறாம் நாள் புள்ள போச்சு" என்றாள் ஜெஸீலா. "நீங்க வேணுமெண்டு செஞ்ச எண்டு அவள் ஒரு நாளும் சொன்னதில்ல. மச்சான்ட கண்ணுக்கு முன்னால மட்டும் இந்தத் தடவ வரமாட்டன் எண்டு சொன்னாள். நாங்க என்ன செய்யிற?"

இரண்டு வருடம். இரண்டு வருடம் என் முன்னால் சோறு வைத்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. எல்லோருடைய முகத்தையும் படிக்கிறவன் என்று நினைத்திருந்தவனுக்கு, தன் வீட்டுப் பெண்கள் தன்னைப் பார்த்துப் பயப்படுவது தெரியவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கண்ணூறு என்று ஒன்று இருக்கிறதா என்று வாதாட நினைத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். வாயைத் திறந்துதானே இவ்வளவும்.

டொக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கே அவவின்ர இரத்தம் எடுக்கவேணும். சின்ன வயசில ஊசி போட்டிருந்தா, இல்லாட்டி முந்தி வருத்தம் வந்திருந்தா, உடம்பில பழைய பாதுகாப்பு இருக்கும். அப்ப பயமில்லை. இப்ப எடுத்தா அது பழசு எண்டு தெரியும். நாள் போய் எடுத்தா, பழசோ இப்ப தொத்தினதோ எண்டு பிரிக்கிறது கஷ்டம்."

ரிஸ்மியா ஊசி போட்டாளா? பள்ளிக்கூடத்தில் ஏதோ ஊசி போட்டார்கள், தான் வரிசையில் நின்றாளா ஒளிந்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை என்று ஜெஸீலா போனில் கேட்டுச் சொன்னாள். தடுப்பூசிக் கார்ட் சுனாமியில் போய்விட்டது. பாடசாலைப் பதிவும் அப்படியே.

யார் அவளைக் கூட்டிப்போவது? நான் போனால் அவள் வரமாட்டாள். வார்டுத் தாதி மிஸ்ஸியிடம் நிலைமையைச் சொன்னேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு மணித்தியாலம் மட்டும் நீங்க இரிங்க, உம்மா போய் வரட்டும்" என்றார். அந்த உதவியை நான் மறக்கமாட்டேன். ஜெஸீலா ஆட்டோவில் போய்த் தங்கையைத் தனியார் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிச் சென்றாள்.

நான் அம்னாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முகம் பழைய முகமாகியிருந்தது. காலில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம்.

"உம்மா எங்க வாப்பா?"

"சாச்சியப் பாக்கப் போயிரிக்கா."

அவள் என் காதுக்குக் கிட்ட வந்தாள். "சாச்சிட வகுத்துக்குள்ள தம்பி இரிக்கான். ஒங்களுக்குச் சொல்லப்படாதாம்" என்றாள்.

நாலு வயதுப் பிள்ளை ஒரு மாதமாக எனக்குத் தெரியாமல் ஒரு இரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்னாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிவப்பு வந்து ஏழு நாள் முடியும்வரை மற்றவர்களிடமிருந்து ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். நடுக்கதவுக்கு இந்தப் பக்கம் அம்னா, அந்தப் பக்கம் ரிஸ்மியா. இரண்டு பேரும் கதவோடு வாய் வைத்துக் கதைப்பார்கள். அம்னா பாட்டுப் படிப்பாள், அவள் கேட்பாள். நான் வீட்டில் இருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வராது. அதனால் நான் டியூட்டி முடிந்தும் கடற்கரையில் நேரத்தைப் போக்கிவிட்டு வருவேன்.

புதன்கிழமை டொக்டர் என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அம்னாவின் முடிவு வந்திருந்தது. ஜேர்மன் சின்னமுத்துத்தான். அந்தத் தாளை நான் மூன்று தடவை பார்த்தேன்; பெயர் மாறியிருக்குமோ, போத்தல் மாறியிருக்குமோ என்று கேட்டேன். பதினெட்டு வருடத்தில் என் சந்தேகம் சரியாக இருக்கவேண்டும் என்று அவ்வளவு கெஞ்சியது அன்றுதான். எதுவும் மாறவில்லை.

"மச்சாளின்ர முடிவு நாளைக்கு வரும். அதில ரெண்டு வரி இருக்கும்" என்று டொக்டர் ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். "முதல் வரி பழைய பாதுகாப்பு. அது இருக்கு எண்டு வரவேணும். மற்றது புதுத் தொற்று. அது இல்லை எண்டு வரவேணும். மாறி வந்தா உடன கூட்டிக்கொண்டு வாங்கோ, யோசிக்கவேண்டிய விஷயங்கள் இருக்கு." என்ன விஷயங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தத் துண்டை ஜெஸீலாவிடம் கொடுத்து, அந்தப் பக்கம் அனுப்பினேன்.

வியாழன் பின்னேரம் ஆய்வுகூடத்தில் ஒரு நீளமான வெள்ளை உறையைத் தந்தார்கள். வெளியே ரிஸ்மியாவின் பெயர். உறை ஒட்டியிருக்கவில்லை, மடித்து மட்டும் இருந்தது. நான் ஒரு தாளைப் பார்க்காமல் கையில் வைத்திருந்த நாள் என் வாழ்க்கையில் இல்லை. சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் பூட்டினேன். மோட்டார் சைக்கிளில் வரும்போது இரண்டு தடவை நிறுத்தினேன். ஒரு தடவை பட்டனைக் கழற்றவும் செய்தேன். பெருநாளன்று அவள் எழுந்து உள்ளே போன முகம் நினைவுக்கு வந்தது. மறுபடி பூட்டிக்கொண்டு வந்தேன்.

மாமி வாசலில் நின்றார். "இந்தாங்க மாமி. நான் பாக்கல்ல" என்றேன்.

மாமி உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பவில்லை. அவரைக் குறை சொல்லமுடியாது. வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தேன். ஜெஸீலா என் பக்கத்தில் நின்று எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது ஒரு அழுகை கேட்டால்கூடப் போதும் என்று இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை.

நடுக்கதவு திறந்தது. ரிஸ்மியா வந்தாள். எனக்கு முன்னால், நேராக வந்து நின்றாள். சால்வையை இழுத்து மூடவில்லை. கையில் தாள் இருந்தது. கண் சிவந்திருந்தது.

"மச்சான், இங்கிலீசில இரிக்கி. எனக்கு வெளங்கல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவள் உயர்தரம் வரை படித்தவள். டொக்டர் எழுதித் தந்த துண்டு அவள் மறு கையிலேயே இருந்தது. அந்த இரண்டு வரிக்கு என் உதவி அவளுக்குத் தேவையே இல்லை. பொய் சொல்கிறாள் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. பிடித்துவிடவில்லை.

தாளை வாங்கினேன். பெயரைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன், இரத்தம் எடுத்த திகதியைப் பார்த்தேன். பிறகு சத்தமாக வாசித்தேன்.

"பழைய பாதுகாப்பு, இரிக்கி. புதுத் தொற்று, இல்ல."

ஜெஸீலா ஓதுவதை நிறுத்தி "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் தலையைத் தூக்கப் பயந்து, தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க மச்சான்" என்றாள் ரிஸ்மியா. "இன்னொருக்கா."

அவளைப் பார்த்து, இன்னொரு தடவை வாசித்தேன்.